பிரிசில்லா தன் படத்தைத் தானே போட்ட கதை

எங்கள் அக்கா பிரிசில்லாவுக்குச் சம்பளம் கொடுப்பது சாம்பல் நிறம் பார்ப்பதற்காக. கேலி இல்லை, நிஜம். கல்பாக்கம் பக்கத்தில் குழாய் வெல்டிங்கைச் சோதிக்கிற ஒரு தனியார் கம்பெனி இருக்கிறது. நமக்குக் கால் உடைந்தால் எடுக்கிற மாதிரியே குழாய்க்கும் எக்ஸ்ரே எடுப்பார்கள். அந்த ஃபிலிமை வெளிச்சப் பெட்டி மேல் வைத்து, வெல்டிங்குக்குள் முடி மாதிரி விரிசல் ஓடுகிறதா, காற்றுக் குமிழி நிற்கிறதா என்று பார்த்து எழுதிக் கொடுப்பதுதான் அக்காவின் வேலை. ஒரு தடவை கழித்துப்போட்ட ஃபிலிம் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து ட்யூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துக் காட்டினாள். எனக்குத் தெரிந்தது ஐப்பசி மாத வானம். அக்கா அதில் நாலு குமிழியை விரலால் தொட்டுக் காட்டினாள். நான் எல்லாம் தெரிகிற மாதிரி தலையை ஆட்டிவைத்தேன்.

நைனா ஆபிரகாமும் அம்மா பாப்பாவும் படாளத்தில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அக்காவுக்கு எட்டு வயசு ஆனபோது புதுப்பட்டினத்துக்கு வந்துவிட்டோம். வந்தோம் என்று ஒரு பேச்சுக்குத்தான் சொல்கிறேன், நான் அப்போது பிறக்கவே இல்லை. நைனாவுக்கு டவுன்ஷிப்பில் தோட்ட வேலை, காண்ட்ராக்ட். அம்மாவுக்கு ஒரு கேண்டீனில் சமையல். அக்கா பஸ் பாஸ் வைத்துக்கொண்டு தினம் செங்கல்பட்டு போய் டிப்ளமா படித்தாள். நான் ஒன்பதாவது வரை போனேன். அதற்கு மேல் பள்ளிக்கூடம் என்னைத் தாங்காது என்று ரெண்டு பேரும் சேர்ந்து முடிவு பண்ணினோம், நானும் பள்ளிக்கூடமும்.

எங்கள் வீட்டில் எல்லோரும் நல்ல நாவல்பழக் கருப்பு. அதில் அக்கா இன்னும் ஒரு கை கூட. இது எங்களுக்கு ஒரு விஷயமாகவே இருந்ததில்லை, அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்குகிற வரைக்கும். ஒரு ஸ்டூடியோவில் அவளை உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள். முதலில் பவுடர் பூசினார்கள், அப்புறம் கம்ப்யூட்டரில் போட்டும் பூசினார்கள். கையில் வந்த படத்தில் ரோஸ் நிறத்தில் ஒரு பெண் இருந்தாள். மூக்குத்தி மட்டும் எங்களுடையது.

அந்தப் படத்தைப் பார்த்து மூன்று வீட்டுக்காரர்கள் வந்தார்கள். மூன்று தடவையும் நடந்தது ஒன்றுதான். அக்கா டீ தட்டோடு வெளியே வருவாள், பேசிக்கொண்டிருந்தவர்கள் பாதியில் நிறுத்துவார்கள். டீ குடிப்பார்கள். மின்விசிறியைப் பார்ப்பார்கள். "சொல்லி அனுப்பறோம்" என்று கிளம்புவார்கள். மூன்றாவதாக வந்த பையனின் அக்கா என்னையும் எங்கள் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தது. உள்ளே இன்னொருத்தி இருப்பாள் என்று சமையலறையையும் எட்டிப் பார்த்தது. அங்கே அம்மா இருந்தாள். அதோடு முடிந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் தட்டைக் கழுவிக்கொண்டே அக்கா சொன்னாள்.

"அவங்க மேல தப்பு இல்லமா. ஒருத்தியக் காட்டி இன்னொருத்தியக் குடுத்தா யாருக்குமே பேஜாராத்தான் இருக்கும். இனிமே என் படத்த நான்தான் போடுவேன். அதப் பாத்துட்டு வர்றவங்க வந்தா போதும்."

"யாரும் வரலைன்னா இன்னாடி பண்ணுவ?" என்றாள் அம்மா.

"டீத்தூளு மிச்சம்."

இது 2003, கோடை தொடங்குகிற சமயம். சீக்கிரமே சர்ச் உபதேசியார் ஒரு வரன் கொண்டுவந்தார். பையன் பெயர் ஹேமந்த். சொந்த ஊர் திருப்போரூர் பக்கம், வேலை தரமணியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில். ரெண்டு வாரம் கழித்து வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பெண்ணின் போட்டோவைக் கையில் கொடுக்க வேண்டும் என்றார். அக்காவுக்கு இருந்தது பதினாலு நாள்.

வீட்டில் ரிச்சி தெருவில் வாங்கின பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது, அதோடு ஒட்டிக்கொண்டு வந்த ஒரு இன்க்ஜெட் பிரிண்டரும். கம்பெனியில் குழாயைப் படம் எடுக்கிற டிஜிட்டல் கேமராவை அக்கா லீவு நாளுக்குக் கேட்டு வாங்கிவந்தாள். முதலில் கலரில்தான் போட்டுப் பார்த்தாள். முகம் சூளையிலிருந்து எடுத்த செங்கல் மாதிரி வந்தது. எதை எதையோ திருகினாள். செங்கல் கத்தரிக்காய் ஆனது, கத்தரிக்காய் மறுபடி செங்கல் ஆனது.

"கலரு எனக்குப் புரியாத ஊரு. கருப்பு வெள்ளை நான் தெனம் போற ஊரு" என்று சொல்லிவிட்டு அக்கா படத்திலிருந்து கலரை எடுத்துவிட்டாள்.

அது அவ்வளவு சுலபமான ஊராக இல்லை. கருப்பு வெள்ளையில் போட்ட முதல் படம் ட்யூப் லைட்டில் அழகாக இருந்தது. வாசலுக்குக் கொண்டுபோனால் முகமெல்லாம் பாசி பிடித்த பச்சை. அக்கா ஒரு நிமிஷத்தில் காரணத்தைப் பிடித்துவிட்டாள். பிரிண்டரிடம் சாம்பல் நிறம் என்று ஒரு மை இல்லை. நீலம், சிவப்பு, மஞ்சள் மூன்றையும் கலந்து சாம்பல் மாதிரி ஏமாற்றுகிறது. வெளிச்சம் மாறினால் குட்டு உடைந்துவிடுகிறது. சரி, கருப்பு மையை மட்டும் எடுத்துக்கொள் என்று பிரிண்டருக்கு உத்தரவு போட்டாள். பச்சை போனது. ஆனால் கன்னத்தில் மிளகுத்தூள் தூவினாற்போல் புள்ளி, முடியும் கழுத்தும் தார் ஊற்றினாற்போல் ஒரே கட்டி.

தன் முகத்தையே திரும்பத் திரும்பப் பார்த்தால் கண் பழகிவிடும் என்று, சோதனைக்கு நைனாவைப் பிடித்தாள். அதே நிறம், ஆடாமல் உட்காருவார், கேள்வி கேட்க மாட்டார். முழுத் தாளில் நைனா வந்தார். காலையில் அதைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க ஜன்னல் கம்பியில் வெளிப்பக்கமாகக் கிளிப் போட்டு மாட்டினாள். பஸ் வந்துவிட்டது. அப்படியே விட்டுவிட்டு ஓடினாள்.

படம் மொட்டையாக இருக்கிறதே என்று மேலே ஒரு சாமந்திப் பூவைச் செருகியது நான்.

பக்கத்து வீட்டு முனியம்மா அத்தை ரேஷன் கடையிலிருந்து வந்துகொண்டிருந்தவர், எங்கள் ஜன்னலைப் பார்த்ததும் அரிசிப் பையைத் தெருவில் போட்டார்.

"ஐயோ, ஆபிரகாம் அண்ணா! நேத்து கூட வெத்தல கேட்டியே! இல்லன்னு பொய் சொன்னேனே!"

எங்கள் பக்கம் சுவரில் கருப்பு வெள்ளையில் ஒரு முகம் இருந்தால் அது கண்ணீர் அஞ்சலி. பேருந்து நிலையத்திலிருந்து மீன் மார்க்கெட் வரைக்கும் வேறு அர்த்தமே கிடையாது. அஞ்சு நிமிஷத்தில் தெருவே கூடிவிட்டது. நான் வெளியே வந்து விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். தன் அப்பாவைப் பற்றி ஊர் என்ன சொல்கிறது என்று அவர் இருக்கும்போதே கேட்கிற வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

"யாரு வூட்டுச் செடி வாடினாலும் தண்ணி ஊத்திட்டுத்தான் போவாரு."

"ஒருத்தர நிமிந்து பேசினது கிடையாது."

"என் மம்முட்டிய வாங்கினு போனாரு, பாவம், அதக் கேக்கறதுக்கு இதுவா நேரம்."

ஒருத்தர் படாளத்துக்குப் போன் பண்ண ஓடினார். ஒருத்தர் ரோஜா மாலையோடு வந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து நைனா மத்தியானச் சாப்பாட்டுக்கு சைக்கிளில் வந்து இறங்கினார். கூட்டத்தைப் பார்த்ததும் தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"இன்னா முனியம்மா, யாரு?"

முனியம்மா அத்தை மூக்கைச் சிந்திக்கொண்டே, "நீதாண்ணா" என்றார்.

நைனா கொஞ்ச நேரம் யோசித்தார். "எப்ப?" என்றார்.

மாலை வாங்கிவந்தவர் அதை வீணாக்க மனசில்லாமல் அவர் கழுத்திலேயே போட்டுவிட்டார். படாளத்திலிருந்து சாயங்காலம் ஒரு வேன் ஆட்கள் வந்து, அழுவதற்கு வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். எனக்குக் கிடைத்ததை இங்கே எழுத வேண்டாம். ரெண்டு நாள் ஒருபக்கமாகத்தான் உட்கார முடிந்தது.

ஆனால் பெரிய அடி அக்காவுக்குத்தான். ராத்திரி பாத்திரம் எல்லாம் கவிழ்த்த பிறகு அம்மா தீர்ப்புச் சொன்னாள்.

"கருப்பு வெள்ளையில பொண்ணு போட்டோ குடுத்தா, அந்தப் பையன் வூட்ல இன்னா நெனப்பாங்க? பொண்ணு பூட்டா போல கீதுன்னு அடுத்த எடம் பாப்பாங்க. ஸ்டூடியோ போட்டோவே போவட்டும்."

"அம்மா, இன்னும் ஒன்பது நாள் கீது."

"சனிக்கெழம சாயங்காலம் எடுத்துகினு வந்து என் கையில குடு. சாவு போட்டோ மாரி இருந்துச்சுன்னா, ஞாயித்துக்கெழம உபதேசியார் கையில ஸ்டூடியோ போட்டோதான் போவும். அப்புறம் நீ பேசக் கூடாது."

"பேச மாட்டேன்" என்றாள் அக்கா.

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. மறுநாள் காலையில் நைனாவின் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு முனியம்மா அத்தை வீட்டுக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன், மன்னிப்புக் கேட்கிற சாக்கில்.

"அத்த, கோச்சிக்காம சொல்லுங்க. பூவ வுடுங்க, அது இந்தப் பிசாசு வெச்சது. பூ இல்லன்னா கூட இத சாவு போட்டோன்னு நெனச்சிருப்பீங்களா?"

முனியம்மா அத்தை படத்தைத் தூரம் பிடித்துப் பார்த்தார்.

"நெனச்சிருப்பேன்டி. கண்ணு எங்க, கன்னம் எங்கன்னு ஒண்ணும் தெரில பாரு. நெத்தி மட்டும் பளபளன்னு கீது, மீதியெல்லாம் ஒரே இருட்டு. போஸ்டர்ல இப்டித்தான் போடுவான்."

அக்கா அப்படியே நின்றாள். வெளிச்சப் பெட்டி முன்னால் குமிழியைக் கண்டுபிடிக்கும்போது நிற்பாளே, அந்த நிற்பு.

"அப்ப கருப்பு வெள்ளை தப்பில்ல. நடுவுல கீற சாம்பல் எல்லாம் காணாமப் பூட்டுது. அதான் உயிரு இல்லாத மாரி கீது" என்றாள். எங்களிடம் சொல்லவில்லை, படத்திடம் சொன்னாள்.

அன்றிலிருந்து எங்கள் வீடு லேப் ஆனது. அக்கா முதலில் செய்தது ஒரு ஏணி. கம்ப்யூட்டரில் இருபத்தோரு கட்டம் வரைந்தாள், ஒரு முனையில் முழுக் கருப்பு, மறுமுனையில் முழு வெள்ளை, நடுவில் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துக்கொண்டே போகும். அவள் கம்பெனியில் ஃபிலிமின் இருட்டை அளக்க இதே மாதிரி ஒரு பட்டை வைத்திருப்பார்களாம். பிரிண்ட் போட்டால் ஏணியில் கீழ் ஆறு படி ஒட்டிக்கொண்டு ஒரே கருப்பாக வந்தது.

"நம்ம மூஞ்சி முழுக்க இந்த ஆறு படியிலதான் கீது. இத ஒண்ணாக் கொழைச்சிட்டா நாம எங்க போறது?" என்றாள்.

அடுத்த வேலைதான் தைரியமான வேலை. கலர் மை டப்பாவைக் கழற்றி, அதிலிருந்த நீலம், சிவப்பு, மஞ்சள் எல்லாவற்றையும் ஊசி ஊசியாக உறிஞ்சி எடுத்துக் கழுவினாள். வாய்க்கால் மூன்று நிறத்தில் ஓடியது. பிறகு பாட்டிலில் வாங்கின கருப்பு மையில் தண்ணீர் கலந்து, டப்பாவுக்குள் இருந்த மூன்று அறையில் ஒன்றில் அடர் சாம்பல், ஒன்றில் இளம் சாம்பல், ஒன்றில் அதையும்விட இளசு என்று நிரப்பினாள். இல்லாத சாம்பலைப் பிரிண்டருக்கு அவளே காய்ச்சிக் கொடுத்தாள்.

முதல் தடவை கலந்தது எங்கள் கிணற்றுத் தண்ணீர். கொதிக்கவைத்து ஆறவைத்தாள்தான். ஆனால் கடற்கரைக் கிணறு, உப்பு எங்கே போகும்? மை வருகிற பொடி ஓட்டையெல்லாம் அடைத்துக்கொண்டு, தாளில் வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுந்தது. ஒரு நாள் முழுக்க வெந்நீரில் நனைத்த துணிமேல் டப்பாவை உட்காரவைத்துச் சரிசெய்தாள். ரெண்டாவது தடவை பேட்டரித் தண்ணீர். அதில் உப்பே கிடையாது. நைனா டவுன்ஷிப் பக்கத்து மெக்கானிக் கடையில் ஒரு பாட்டில் வாங்கிவந்தார். எதற்கு என்று கேட்கவில்லை. செத்துப் பிழைத்தவருக்கு எதுவும் ஆச்சரியமில்லை.

ஏணி மறுபடி வந்தது. கருப்பு முனையில் ஒட்டியிருந்த ஆறில் ரெண்டு பிரிந்தது. அக்கா கம்ப்யூட்டரில் இருட்டுப் பக்கத்தை மட்டும் ஒரு நூல் தூக்கிவிட்டு மறுபடி போட்டாள். நாலு பிரிந்தது. பளபளத் தாளில் எங்கள் கடற்காற்றுக்கு மை காயவே இல்லை, விரல் பட்டால் இழுத்துக்கொண்டு வந்தது. பளபளப்பு இல்லாத கெட்டித் தாளுக்கு மாறினாள். அதிலும் ஈரத்தில் பார்த்தால் ஒரு கருப்பு, காய்ந்த பிறகு வேறு கருப்பு. அதனால் ஒவ்வொன்றையும் ஒரு ராத்திரி காயவிட்டு, காலையில் வாசலில் ஒரு தடவை, ட்யூப் லைட்டில் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் பேசினாள். அம்மா அடுப்பங்கரைக்குப் போக ஏணிகளைத் தாண்டித் தாண்டிப் போனாள். நான் மிச்சத் தாளில் பல்லாங்குழி வரைந்தேன், திட்டு வாங்கினேன்.

வியாழக்கிழமை காலை இருபத்தோரு படியும் தனித்தனியாக நின்றன. எண்ணிப் பார்த்தேன். நிஜமாகவே இருபத்தொன்று.

அதற்கு அப்புறம்தான் தன் படத்தை எடுக்க உட்கார்ந்தாள். அரை நாள் லீவு போட்டாள். காலை பத்து மணி, கிழக்கு ஜன்னல் பக்கம் ஒரு ஸ்டூல். பவுடர் கிடையாது. நீலக் காட்டன் புடவை. மறுபடி கேட்டு வாங்கிவந்த கேமராவை என் கையில் கொடுத்து, "நான் சொல்றப்ப மட்டும் அமுக்கு" என்றாள். அக்கா விறைப்பாக உட்கார்ந்தாள், வாக்காளர் அட்டைக்கு உட்காருகிற மாதிரி. எனக்குப் பொறுக்கவில்லை. அந்த மூன்றாவது வீட்டுப் பையனின் அக்கா மாதிரியே கழுத்தை நீட்டி, சமையலறையை எட்டிப் பார்த்து, அம்மாவைக் கண்டதும் முகம் போன போக்கை நடித்துக் காட்டினேன். அக்கா சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை, வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பு கண்ணில் மாட்டிக்கொண்டது. அவள் சொல்லவில்லை. நான் அமுக்கிவிட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்தாள். இடது பக்கம் ஸ்டூடியோ போட்டோவை எடுத்துவைத்தாள். சாட்சிக்கு முனியம்மா அத்தையையும் கூப்பிட்டிருந்தாள். அக்கா, முந்தின நாளே போட்டுக் காயவைத்திருந்த படத்தை வலது பக்கம் வைத்துவிட்டுச் சுவர் ஓரமாக நின்றாள். கை ரெண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தாள். அதை நான் மட்டும்தான் பார்த்தேன், விரல் நுனியெல்லாம் மை.

படத்தில் அக்கா கருப்பாகத்தான் இருந்தாள். ஆனால் அந்தக் கருப்புக்குள் எவ்வளவோ இருந்தது. கன்னத்து மேடு வேறு, அதன் கீழ்ப் பள்ளம் வேறு. முடி தனி, முடிக்குப் பின்னால் நிழல் தனி. காதுக்குக் கீழே ஒரு மச்சம், எந்த ஸ்டூடியோவும் இதுவரை விட்டுவைக்காத மச்சம், அங்கேயே இருந்தது.

முனியம்மா அத்தைதான் முதலில் வாயைத் திறந்தார். "இன்னாடி இது, எதையோ சொல்ல வந்து வாய மூடிகின மாரி கீற?"

அம்மா எழுந்தாள். படத்தை ஜன்னலுக்குக் கொண்டுபோனாள், திரும்ப விளக்குக்குக் கொண்டுவந்தாள், அக்கா தினம் செய்ததைப் போலவே. மச்சத்துக்கு நேராக, படத்தைத் தொடாமல், விரலைப் பிடித்தாள்.

"முடி கலைஞ்சி கீது. ஒரு தபா வாரிட்டு எடுத்திருக்கக் கூடாதா?" என்றாள்.

ஸ்டூடியோ போட்டோவை எடுத்துப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள்.

மறுநாள் ஆராதனை முடிந்து சர்ச் வாசலில் உபதேசியார் கவரைப் பிரித்துப் பார்த்தார். "படம் நல்லாத்தான் கீதும்மா. ஆனா கலர் இல்லியா?"

"கலரு நேர்ல கீதுங்க ஐயா. வந்து பாத்துக்கச் சொல்லுங்க" என்றாள் அக்கா.

ஒரு வாரம் எந்தத் தகவலும் இல்லை. அம்மா பீரோச் சாவியை இடுப்பில் செருகுவதும் எடுப்பதுமாக இருந்தாள். அக்கா ஒழுங்காக வேலைக்குப் போனாள், ஒழுங்காகச் சாப்பிட்டாள். அப்புறம் உபதேசியார் சொல்லி அனுப்பினார், வருகிற ஞாயிற்றுக்கிழமை மூணு மணிக்கு வருகிறார்கள் என்று.

அம்மா தட்டில் கேசரி எடுத்துவைத்து, "கூப்பிடறப்ப வந்தா போதும், உள்ள இரு" என்றாள். அக்கா கேட்கவில்லை. வேன் சத்தம் கேட்டதும் அவளே போய்க் கதவைத் திறந்தாள், அதே நீலக் காட்டன் புடவையில். நான் பக்கத்தில் போய் நின்றேன். யாராவது மின்விசிறியைப் பார்த்தால் அதை நிறுத்திவிடலாம் என்று சுவிட்சுக்குக் கிட்டேயே நின்றேன்.

முதலில் ஏறி வந்தது ஹேமந்தின் அம்மா செங்கம்மாள். கொஞ்சம் பருமன், வெயிலில் மூச்சு வாங்கியது. பின்னால் ஹேமந்த், கையில் பழப் பை. செங்கம்மாள் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். வேறு யாரையும் தேடவில்லை, உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. தினம் பார்க்கிற ஆளிடம் கேட்கிற மாதிரி கேட்டார்.

"பிரிசில்லா, செருப்ப எங்கம்மா வுடறது?"

"உள்ளயே வுடுங்க அத்த. வெளிய வுட்டா நாய் தூக்கினு பூடும்."

செங்கம்மாள் ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு அடுத்ததற்குத் தடுமாறினார். அக்கா கையை நீட்டினாள். அவர் அதைப் பிடித்துக்கொண்டார், உள்ளே வரும்வரை விடவில்லை.